மார்க்சியம் இன்றைய அரசியல் சிக்கல்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: நீராவி எஞ்சின் ஓடிய ஆலைகளைப் பார்த்து எழுதப்பட்ட ஒரு கோட்பாடு, ஆப் வழி வேலை, வாடகை உயர்வு, நிதி நெருக்கடி, ஏழைகளின் ஓட்டை வாங்கிப் பணக்காரர்களுக்குச் சாதகமாக ஆளும் தலைவர்கள் என்று இன்று நாம் பார்ப்பவற்றை விளக்குமா? 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் அதைப் படிப்பதில் பயன் உண்டா? ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. முதலாளித்துவம் எப்படி இயங்குகிறது என்று மார்க்ஸ் சொன்ன விளக்கம் சரியா என்பது ஒன்று. அந்த விளக்கத்தை வைத்து மக்கள் அரசியலில் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்ல முடியுமா என்பது இரண்டாவது. முதலாளித்துவத்துக்கு மாற்றான ஒரு சமூகத்தைக் கட்ட அது வழிகாட்டுமா என்பது மூன்றாவது. அரசியல் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்தி வருபவன் என்ற முறையில் என் பதில்: முதலாவதுக்குப் பெரும்பாலும் ஆம், இரண்டாவதுக்கு மிகுந்த எச்சரிக்கையோடு மட்டும், மூன்றாவதுக்கு மிகக் குறைவு. மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஏற்கவோ தள்ளவோ முயல்வதால்தான் இந்த விவாதம் எப்போதும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். மார்க்சியத்தின் மிக வலுவான பகுதி, வேலை எப்படி அளக்கப்படுகிறது, கூலி எப்படித் தரப்படுகிறது என்பதைப் பற்றிய ஆய்வு. 1867இல் வந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் பீஸ் ரேட் கூலிக்கென்றே ஒரு சிறிய அத்தியாயம் இருக்கிறது. ஆங்கிலப் பதிப்பில் 21ஆவது. அதில் மார்க்ஸ் சொல்வது: செய்து முடித்த எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்துவிட்டால், மேற்பார்வையாளர் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியைக் கூலி முறையே செய்துவிடும். வேகமாக உழைப்பதும் நெடுநேரம் உழைப்பதும் தொழிலாளியின் சொந்த விருப்பம் போல ஆகிவிடும். எல்லோரும் அப்படி உழைக்கும்போது சராசரி உயரும், பிறகு ஒரு உருப்படிக்கான ரேட் குறைக்கப்படும். நடுவில் ஒரு இடைத்தரகர் நுழைந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளவும் இந்த முறையில் இடம் உண்டு.

இதை இன்றைய டெலிவரி வேலையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. ஒருவர் நாளுக்கு 10 மணி நேரம் ஆப்பில் லாகின் செய்திருக்கிறார். ஒரு டெலிவரிக்கு 20 நிமிடம், நாளுக்கு 18 டெலிவரி. அப்படியானால் ஓடியது 6 மணி நேரம், ஆர்டருக்காகக் காத்திருந்தது 4 மணி நேரம். பணம் ஓடியதற்கு மட்டும்தான். இப்போது நிறுவனம் அதே பகுதியில் இன்னும் 20 சதவீதம் ஆட்களைச் சேர்க்கிறது, மொத்த ஆர்டர் கூடவில்லை. ஒருவருக்கு 18 கிடைத்த இடத்தில் இனி 15தான். ஓடுவது 5 மணி, காத்திருப்பது 5 மணி. வருமானம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நிறுவனத்துக்கு ஒரு டெலிவரிக்கு ஆகும் செலவு ஒரு காசு கூட ஏறவில்லை, வாடிக்கையாளருக்கோ ஆள் சீக்கிரம் வருகிறார். பழைய வருமானம் வேண்டுமானால் அவர் 12 மணி நேரம் லாகினில் இருக்க வேண்டும். ஆனால் எல்லோரும் 12 மணி நேரம் இருந்தால் மொத்த ஆர்டர் கூடப்போவதில்லை என்பதால், 12 மணி நேரத்துக்கும் அதே 15தான் கிடைக்கும். ஒவ்வொருவரும் தனக்குச் சரியென்று படுவதைச் செய்கிறார்கள், விளைவு எல்லோருக்கும் எதிராகத் திரும்புகிறது. மேலாளர் யாரும் மிரட்ட வேண்டியதில்லை. காத்திருக்கும் நேரத்தின் செலவை யார் தலையில் வைப்பது என்ற ஒரே ஒரு விதி இவ்வளவையும் செய்துவிடுகிறது.

இந்த விதியைச் சுற்றித்தான் இன்றைய சட்டப் போராட்டங்களும் நடக்கின்றன. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில், அந்த ஓட்டுநர்கள் ‘தொழிலாளர்’ என்ற சட்ட வகைக்குள் வருவார்கள் என்று சொன்னதோடு நிற்கவில்லை. தமக்கு உரிமம் உள்ள பகுதியில் ஆப்பைத் திறந்து வைத்துப் பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 நவம்பரில், கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘பிராபொசிஷன் 22’ இதற்கு நேரெதிர்: ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள், குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் உண்டு, ஆனால் பயணத்தை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரையுள்ள நேரத்துக்கு மட்டும். ஒரே நிறுவனம், ஒரே ஆப், ஒரே வேலை. காத்திருப்பு வேலை நேரமா இல்லையா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ‘மூலதனம்’ முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய 10ஆவது அத்தியாயம், இங்கிலாந்தின் ஆலைச் சட்டங்களையும் ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளையும் வைத்து விவரிப்பது இந்தச் சண்டையைத்தான். சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம், காலையில் ஐந்து நிமிடம் என்று முதலாளிகள் எப்படிக் கிள்ளி எடுத்தார்கள் என்பதை ஆய்வாளர்களின் வார்த்தைகளிலேயே அவர் அடுக்குகிறார். உழைப்பை வாங்கியவனுக்கும் உரிமை, விற்றவனுக்கும் உரிமை, இரண்டும் சமமாக மோதும்போது பலம்தான் தீர்மானிக்கிறது என்பது அந்த அத்தியாயத்தின் மையக் கருத்து. இன்றைய தொழிலாளர் அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிடக் கூர்மையான தொடக்கம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஆனால் இங்கேயே ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். மேலே போட்ட கணக்குக்கு உழைப்பு மதிப்புக் கோட்பாடு தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பொருள்களின் மதிப்பு அவற்றில் அடங்கிய சமூக ரீதியாகத் தேவையான உழைப்பு நேரம் என்ற கருத்தை, சந்தை விலைகளை விளக்கும் கோட்பாடாக எடுத்துக்கொண்டால் கடுமையான சிக்கல்கள் வருகின்றன. மதிப்புகள் எப்படி விலைகளாக மாறுகின்றன என்று மூன்றாம் தொகுதியில் (1894) தரப்பட்ட தீர்வை ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் பெம்-பாவெர்க் 1896இலேயே தாக்கினார்; போர்ட்கியவிச் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் 1907இல் அந்தக் கணக்கைத் திருத்தினார்; 1960இல் இத்தாலியப் பொருளாதார அறிஞர் ஸ்ராஃபா, உற்பத்தியின் தொழில்நுட்பத் தரவுகளோடு கூலியோ இலாப வீதமோ தெரிந்தால் விலைகளைக் கண்டுபிடித்துவிடலாம், அதற்கு உழைப்பு மதிப்பு வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை என்று காட்டினார். மார்க்சியர்களுக்குள்ளேயே இதற்கு மூன்று நான்கு விடைகள் உண்டு, எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. என் கருத்தில், வேலையிடத்தில் அதிகாரமும் நேரமும் எப்படிப் பறிபோகின்றன என்ற ஆய்வு இந்தச் சர்ச்சையின் முடிவைப் பொறுத்து நிற்பதில்லை. ஆப் நிறுவனம் எடுக்கும் கமிஷன் உபரி மதிப்பா (தொழிலாளி தன் கூலிக்கு மேல் உருவாக்கி, முதலாளி எடுத்துக்கொள்ளும் பங்கு), அல்லது சாலைச் சுங்கம் போல வாசலில் உட்கார்ந்து வாங்கும் வாடகையா என்ற விவாதமும் இன்னும் முடியவில்லை. ரேட்டை நிர்ணயிப்பது, ஆளை நீக்குவது, ஆர்டரைப் பிரித்துத் தருவது ஆகிய மூன்றும் நிறுவனத்தின் கையில் இருந்தால் உழைப்பைச் சுரண்டும் உறவு என்றும், வெறுமனே விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைத்தால் வாடகை என்றும் பிரித்துப் பார்ப்பது நடைமுறையில் உதவுகிறது.

வேலையின்மை பற்றிய பகுதியும் இதே அளவு உறுதியானது. வேலையில்லாதோர் கூட்டம் ஒரு விபத்து அல்ல, கூலியைக் கட்டுக்குள் வைக்கும் சேமப்பட்டாளம் என்றார் மார்க்ஸ். 1943இல் கலெட்ஸ்கி என்ற போலந்துப் பொருளாதார அறிஞர் இதை அரசியலாக்கினார். அரசு செலவு செய்து எல்லோருக்கும் வேலை தர முடியும் என்று பொருளாதாரம் சொன்னாலும், தொழிலதிபர்கள் அதை எதிர்ப்பார்கள்; ஏனென்றால் வேலையை விட்டு நீக்கிவிடுவேன் என்ற மிரட்டலுக்கு அப்போது வலு இருக்காது. விலைவாசியைக் கட்டுப்படுத்த வட்டியை உயர்த்தும்போது, கூலி உயர்வு தணிய வேண்டும் என்று மத்திய வங்கிகள் வெளிப்படையாகவே பேசுவதைக் கேட்கும்போது கலெட்ஸ்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நெருக்கடிக் கோட்பாட்டுக்கு வரும்போது கால் வைக்கும் தரை நழுவத் தொடங்குகிறது. முதலாளித்துவம் தன் இயல்பிலேயே திரும்பத் திரும்ப நெருக்கடியில் விழும், கடன் அந்த நெருக்கடியைத் தள்ளிப்போட்டுப் பெரிதாக்கும் என்பது நன்றாகவே நிரூபணமான விஷயம். மூன்றாம் தொகுதியில் ‘கற்பனை மூலதனம்’ என்று மார்க்ஸ் சொல்வது, எதிர்கால வருமானத்தின் மீதான உரிமைச் சீட்டுகள் தனியே விலை பெற்று, தனியே கைமாறி, அடியிலுள்ள உண்மையான உற்பத்தியிலிருந்து விலகி வளர்வது. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது நொறுங்கியது இந்த மாதிரிச் சீட்டுக் கோபுரம்தான்: வீட்டுக் கடன், அந்தக் கடன்களைச் சேர்த்துக் கட்டிய பத்திரம், பத்திரங்களைச் சேர்த்துக் கட்டிய இன்னொரு பத்திரம், அதன் மீது காப்பீடு. இதுவரை சரி. ஆனால் நெருக்கடிக்கு அடிப்படைக் காரணம் இலாப வீதம் குறைந்துகொண்டே போவதுதான் என்று சொல்லும்போது சந்தேகம் தொடங்குகிறது.

சிறு கணக்கு ஒன்று. இலாப வீதம் என்பது உபரி மதிப்பை, இயந்திரம் மற்றும் மூலப்பொருளுக்கான மூலதனமும் கூலிக்கான மூலதனமும் சேர்ந்த தொகையால் வகுப்பது. இயந்திரத்துக்கு 50, கூலிக்கு 50, உபரி 50 என்றால் வீதம் 50 சதவீதம். இயந்திரச் செலவு 100 ஆகி மற்றவை அப்படியே இருந்தால் 150க்கு 50, அதாவது 33 சதவீதம். மார்க்ஸ் சொல்லும் போக்கு இதுதான். ஆனால் புதிய இயந்திரம் உற்பத்தித் திறனைக் கூட்டுவதற்காகத்தானே வருகிறது? அதனால் உபரி 75 ஆக உயர்ந்தால் 150க்கு 75, மீண்டும் 50 சதவீதம். இயந்திரங்களே மலிவாகிவிட்டால் வீதம் அதற்கு மேலும் போகலாம். இந்த எதிர்ப்போக்குகளை மார்க்ஸே பட்டியலிட்டிருக்கிறார். எது வெல்லும் என்பதைக் கோட்பாடு மட்டும் தீர்மானிக்க முடியாது. நிஜக் கூலி மாறாதிருந்தால், செலவைக் குறைக்கும் தொழில்நுட்பம் சராசரி இலாப வீதத்தைக் குறைக்காது என்று 1961இல் ஜப்பானியப் பொருளாதார அறிஞர் ஒகிஷியோ கணித ரீதியாக நிறுவினார். அந்த நிறுவலின் அனுமானங்கள் சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. புள்ளிவிவரங்களால் முடிவுக்கு வரலாமா என்றால், மூலதனத்தை வாங்கிய விலையில் மதிப்பிடுவதா இன்றைய மாற்று விலையில் மதிப்பிடுவதா, எந்த உழைப்பை உற்பத்தி உழைப்பாகக் கொள்வது என்பதைப் பொறுத்துக் கோடு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். எனவே ‘இறுதி நெருக்கடி வந்துவிட்டது’ என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த அளவை எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வாடகைப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1872இல் மார்க்ஸின் தோழரும் இணை ஆசிரியருமான எங்கெல்ஸ் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’ கட்டுரைகளில், நகரின் நடுவே உள்ள சேரிகளை இடித்துவிட்டால் அவை வேறு இடத்தில் மீண்டும் முளைக்கும், பிரச்சினை தீர்வதில்லை, இடம் மாறுகிறது என்றார். நிலத்தின் அளவைக் கூட்ட முடியாத இடத்தில் வாடகைக்கு மானியம் தந்தால் அதில் பெரும்பங்கு நில உரிமையாளரிடம் போய்ச் சேரும் என்ற கருத்து மார்க்சியத்துக்கு மட்டும் சொந்தமில்லை. மார்க்சுக்கு முந்தைய ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோவின் வாடகைக் கோட்பாட்டிலிருந்தே அதைப் பெறலாம். இப்படி வேறு வழியிலும் கிடைக்கும் முடிவுகளை மார்க்சியத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

இனி உங்கள் கேள்வியின் கனமான பகுதி: ஏழைகள் ஏன் தங்கள் நலனுக்கு எதிராக ஓட்டுப் போடுகிறார்கள்? மார்க்சியத்தின் பெயரால் மிகவும் மோசமாகப் பதில் சொல்லப்படும் கேள்வி இதுதான். ‘போலி உணர்வு’, அதாவது தங்கள் நலன் எதுவென்றே தெரியாத மயக்கம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். மார்க்ஸ் இதே கேள்வியை எதிர்கொண்டபோது அப்படிச் செய்யவில்லை. 1848 டிசம்பரில் பிரான்சில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்து நடந்த அதிபர் தேர்தலில், நெப்போலியனின் அண்ணன்-தம்பி வழி வாரிசு என்பதைத் தவிரப் பெரிய தகுதி இல்லாத லூயி போனபார்ட் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்றார். பெரும்பாலானவை சிறு விவசாயிகளின் வாக்குகள். மார்க்ஸ் முதலில் தேடியது, அந்த ஆண்டுப் புரட்சியில் பிறந்த குடியரசு அந்த விவசாயிக்கு என்ன செய்தது என்பதை. கிடைத்த பதில் ஒரு வரி: 1848இல் தற்காலிக அரசு, காலியான கஜானாவை நிரப்ப, நேரடி வரிகள் ஒவ்வொன்றிலும் ஃபிராங்குக்கு 45 சென்டிம், அதாவது 45 சதவீதம், கூடுதலாக விதித்தது. அதன் பாரம் பெரும்பாலும் நிலத்தின் மீது, அதாவது ஏற்கெனவே அடமானக் கடனில் இருந்த விவசாயியின் மீது விழுந்தது. பாரிஸ் தொழிலாளிக்குக் குடியரசு என்றால் உரிமை. விவசாயிக்குக் குடியரசு என்றால் வரி வசூலிக்க வரும் ஆள். அவர் போனபார்ட்டுக்குப் போட்ட ஓட்டு மயக்கத்தில் போட்டதல்ல, அந்த வரிக்கு எதிராகப் போட்டது.

1852இல் எழுதிய ‘லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்’ நூலில் அடுத்த கட்டத்துக்குப் போகிறார். ஒரே மாதிரியான வாழ்க்கை நிலை இருந்தால் மட்டும் ஒரு கூட்டம் அரசியல் வர்க்கமாகிவிடாது. விவசாயிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் துண்டு நிலத்தில் தனியே கிடந்தது. அவர்களை இணைக்கும் சங்கமோ அமைப்போ தொடர்போ இல்லை. அதனால் அவர்களால் தங்களைத் தாங்களே பிரதிநிதித்துவப்படுத்திக்கொள்ள முடியவில்லை, மேலேயிருந்து ஒருவர் வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. இன்னொரு நுணுக்கம்: 1850 மே 31 அன்று நாடாளுமன்றப் பெரும்பான்மை சுமார் 30 லட்சம் பேரின் வாக்குரிமையைப் பறித்தது. 1851 டிசம்பர் 2 அன்று ஆட்சிக் கவிழ்ப்பு செய்த போனபார்ட், அதை மீட்டுத் தருவதாக அறிவித்துக்கொண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்தார். சர்வாதிகாரி ஜனநாயகத்தின் மீட்பராக வர முடிந்ததற்குக் காரணம், ஜனநாயகத்தின் காவலர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அதை முன்பே வெட்டியிருந்தார்கள்.

ஆகவே இன்று ஒரு வலதுசாரி எழுச்சியை ஆராய வேண்டுமானால் இந்த நூலின் வரிசையைப் பின்பற்றலாம். அந்த வாக்காளரைக் கடந்த பத்து ஆண்டுகளில் நேரடியாகத் தாக்கிய வரி, கடன், விலை, வேலையிழப்பு எது என்று கண்டுபிடியுங்கள். அதைக் கொண்டுவந்தவர்கள் எந்தக் கொடியின் கீழ் செய்தார்கள் என்று பாருங்கள். இடதுசாரிக் கொடியாகவும் இருக்கலாம். பிறகு அந்த மக்களை அன்றாடம் ஒன்றுசேர்க்கும் சங்கம், கூட்டுறவு, கட்சிக் கிளை ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்குப் பிறகுதான் கருத்துப் பிரச்சாரத்துக்குப் போக வேண்டும். அங்கே இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷி உதவுவார். 1926இல் கைதாகி முசோலினியின் சிறையில் எழுதிய குறிப்பேடுகளில், ஆளும் வர்க்கம் வன்முறையால் மட்டுமன்றி, பள்ளி, பத்திரிகை, சமய நிறுவனம், பொதுப்புத்தி வழியாகப் பெறும் ஒப்புதலாலும் ஆள்கிறது என்று அவர் விளக்கினார். முதல் மூன்று படிகளைத் தாண்டிவிட்டு நேரே கிராம்ஷிக்குப் போகிறவர்கள் ஊடக விமர்சனத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் எஞ்சி நிற்கும் ஒன்று உண்டு. 1914 ஆகஸ்ட் 4 அன்று, உலகிலேயே பெரிய மார்க்சியக் கட்சியான ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி, பேரரசர் கைசரின் போர்க் கடனுக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டது. உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேரச் சொன்ன கட்சிகளின் தொண்டர்கள் நாடுவாரியாகப் பிரிந்து பதுங்குகுழிகளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். தேசம், மதம், இனம், சாதி ஆகியவற்றுக்கு மனிதர்கள் ஏன் உயிரையே தருகிறார்கள் என்பதற்கு மார்க்சியத்தின் உள்ளிருந்து முழுமையான விடை வரவில்லை. வந்த நல்ல விடைகள் அதன் ஓரங்களில் நின்றவர்களிடமிருந்து வந்தன. அமெரிக்காவில் ஏழை வெள்ளையர்கள் கறுப்பினத்தாரோடு ஏன் சேரவில்லை என்பதற்கு, கூலி குறைவாக இருந்தாலும் சமூக மரியாதை என்ற இன்னொரு கூலி அவர்களுக்குக் கிடைத்தது என்று 1935இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் சொன்னார். அதற்கு அடுத்த ஆண்டு அம்பேத்கர், சாதி என்பது உழைப்பைப் பிரிப்பது மட்டுமல்ல, உழைப்பவர்களையே பிரிப்பது என்றார். வீட்டில் நடக்கும் கூலியில்லா உழைப்பைக் கணக்கில் கொண்டுவந்தவர்கள் 1970களின் பெண்ணியவாதிகள். இவர்களைச் சேர்க்காத வர்க்க ஆய்வு இன்று எந்தத் தேர்தலையும் விளக்காது.

அரசு பற்றிய பகுதியில் பாதி உறுதி, பாதி சந்தேகம். கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையில் (1848) அரசு என்பது முதலாளி வர்க்கத்தின் பொது விவகாரங்களைக் கவனிக்கும் குழு என்ற வரி இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், முதலாளிகளின் எதிர்ப்பை மீறி 1847இல் பத்து மணி நேர வேலைச் சட்டம் வந்ததை விளக்க முடியாது. அதை மார்க்ஸே தொழிலாளர்களின் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார். இதைவிட வலுவான வடிவம் ஒன்று உண்டு: அரசின் வருவாய் தனியார் முதலீட்டைச் சார்ந்திருக்கிறது, எனவே முதலீட்டாளர்கள் சதி எதுவும் செய்யத் தேவையில்லை, பணத்தை எடுத்துக்கொண்டு போனாலே போதும், அரசு வழிக்கு வந்துவிடும். 1981 மே மாதம் பிரான்சில் சோஷலிஸ்ட் தலைவர் மித்தெரான் அதிபர் தேர்தலில் வென்று, குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி, 1982இல் பெரிய வங்கிகளையும் தொழில் குழுமங்களையும் நாட்டுடைமையாக்கினார். மூலதனம் வெளியேறியது, ஃபிராங்க் மூன்று முறை மதிப்பிறக்கப்பட்டது, 1983 மார்ச்சில் அரசு சிக்கன நடவடிக்கைக்குத் திரும்பியது. மார்க்சியர்கள் இதை மூலதனத்தின் தடுப்பு அதிகாரம் என்பார்கள். மற்றவர்கள், அண்டை நாடுகள் செலவைச் சுருக்கும்போது ஒரு நாடு மட்டும் விரித்தால் இறக்குமதி கூடி நாணயம் வீழும், அவ்வளவுதான் என்பார்கள். இரண்டும் சேர்ந்தே நடந்தன என்பது என் கணிப்பு.

சூழலியலில் மார்க்ஸ் இன்று அதிகம் பேசப்படுவது நியாயம்தான், ஆனால் அளவோடு. மண்ணிலிருந்து எடுத்த சத்து உணவாகவும் துணியாகவும் நகரத்துக்குப் போய் மண்ணுக்குத் திரும்பாமல் கழிவாகிறது என்று வேதியியலாளர் லீபிக் சொன்னதை எடுத்து, மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான பரிமாற்றத்தில் விழுந்த முறிவாக அவர் விளக்கினார். 1875இல், உழைப்பு மட்டுமே செல்வத்தின் மூலம் என்று எழுதிய தன் கட்சிக்காரர்களை, இயற்கையும் மூலம்தான் என்று திருத்தினார். ஆனால் தனியார் இலாபத்தை ஒழித்தால் இயற்கை காப்பாற்றப்படும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. பருத்திப் பாசனத்துக்காக 1960களிலிருந்து அமு தார்யா, சிர் தார்யா ஆறுகளின் நீரைத் திருப்பி ஆரல் கடலை வற்றச் செய்தது சோவியத் திட்டமிடல்தான். உற்பத்தி இலக்கு ஒன்றை மேலிருந்து விதித்து, அதன் பாதிப்பைச் சொல்பவர்களுக்குக் குரல் இல்லாமல் செய்தால், உரிமையாளர் யாராக இருந்தாலும் இதே கதிதான்.

இது மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது. எதிர்காலச் சமூகத்தைப் பற்றி மார்க்ஸ் எழுதியது மிகக் குறைவு: 1871இல் 72 நாள் நீடித்த பாரிஸ் கம்யூன் என்ற தொழிலாளர் ஆட்சி பற்றிய கட்டுரை, தன் ஜெர்மன் கட்சிக்காரர்களின் கோத்தா வேலைத்திட்டத்தைப் பற்றிய 1875இன் விமர்சனம், அங்கங்கே சில பத்திகள். எனவே சோவியத்தில் நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது போதாது. விலைகள் இல்லாமல் எதை எவ்வளவு உற்பத்தி செய்வதென்று எப்படிக் கணக்கிடுவது என்று 1920இல் ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் மீசெஸ் எழுப்பிய கேள்விக்கு அந்த எழுத்துகளில் பதில் இல்லை. ஆட்சியைப் பிடித்தவர்களின் அதிகாரத்தை யார், எந்த ஏற்பாட்டால் தடுப்பது என்பதற்கும் போதிய பதில் இல்லை. கம்யூன் பிரதிநிதிகளை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம், அவர்களுக்குத் தொழிலாளியின் கூலியே சம்பளம் என்பவை நல்ல விதிகள், ஆனால் நீதிமன்றம், பத்திரிகை, எதிர்க்கட்சி என்ற இடத்தை அவை நிரப்பாது. 1918இலேயே மார்க்சியப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க், மாற்றிச் சிந்திப்பவருக்கு உள்ள சுதந்திரம்தான் சுதந்திரம் என்று, ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகளை எச்சரித்தார். 1932-33இல் சோவியத்திலும், 1959 முதல் 1961 வரை சீனாவிலும் பஞ்சத்தில் லட்சோபலட்சம் பேர் இறந்தபோது, உண்மையைச் சொல்லக்கூடிய நிறுவனம் எதுவும் அங்கே மிஞ்சியிருக்கவில்லை. ஒரு கோட்பாடு விட்ட வெற்றிடமும் அதன் குறைதான்.

நடைமுறையில் இதைக் கையாளும்போது மிக அடிக்கடி வரும் பிழையையும் சொல்லிவிடுகிறேன். ‘இது முதலாளித்துவத்துக்கு உதவுகிறது, ஆகவே அதற்காகத்தான் உருவாக்கப்பட்டது’ என்ற வாதம். பள்ளிக்கூடம், குடும்பம், கிரிக்கெட், மதம் என எதை வேண்டுமானாலும் இந்த அச்சில் போட்டு எடுத்துவிடலாம். யார் செய்தார்கள், எப்போது, எந்த வழியில், எதிர்த்தவர்கள் யார் என்று காட்டாதவரை அது விளக்கமே இல்லை. உங்கள் விளக்கம் தவறென்று எந்தத் தகவல் காட்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் எழுத முடியவில்லை என்றால் நீங்கள் ஆய்வு செய்யவில்லை. பொருளாதாரக் காரணி மட்டுமே தீர்மானிக்கிறது என்று சொல்வது தங்கள் கருத்தைப் பொருளற்ற வெற்றுச் சொல்லாக்குவது என்று 1890 செப்டம்பரில் யோசஃப் பிளோக்குக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸே எச்சரித்திருக்கிறார். மேற்கு ஐரோப்பாவைப் பற்றிய தன் வரலாற்றுச் சித்திரத்தை எல்லா நாடுகளுக்குமான தலைவிதியாக்காதீர்கள் என்று மார்க்ஸும் 1881இல் ரஷ்யப் புரட்சியாளர் வேரா சசூலிச்சுக்கு எழுதிய பதிலில் தெளிவுபடுத்தினார்.

நீங்கள் நேரடியாகப் படித்துப் பார்க்க விரும்பினால், ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்தில் தொடங்க வேண்டாம், பெரும்பாலோர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 1867 நவம்பர் இறுதியில் நண்பர் கூகல்மானுக்கு எழுதிய கடிதத்தில், அவர் மனைவி எதிலிருந்து தொடங்கலாம் என்று மார்க்ஸே சொல்லியிருக்கிறார்: வேலைநாள், கூட்டுறவு, வேலைப் பிரிவினையும் இயந்திரமும், ஆதித் திரட்டல் (முதலாளித்துவத்துக்கான மூலதனம் முதலில் எப்படிச் சேர்ந்தது என்பது) ஆகிய பகுதிகள். அந்த வரிசை இன்றும் சரியாக வேலை செய்கிறது. அவற்றோடு பீஸ் ரேட் அத்தியாயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சில பக்கங்கள்தான். பிறகு ‘பதினெட்டாம் புரூமே’ரை, பிரெஞ்சு அரசியல்வாதிகளின் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், பெயர்கள் தெரியாமல் போனால் பாதி புரியாது. மதிப்பு பற்றிய முதல் அத்தியாயத்துக்கு இவற்றை முடித்த பிறகு வாருங்கள், கையில் பென்சிலோடு.